ஷெங்கன் விசா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஷெங்கன் விசா என்பது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஒரே விசா. இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதில் பல நாடுகளைச் சேர்த்துப் போகிறவர்களுடையவை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கே: ரோமில் 4 இரவு, பாரிஸில் 4 இரவு. முதலில் இறங்குவது ரோமில். யாரிடம் விண்ணப்பிப்பது?

இத்தாலியிடம். அதிக இரவு எந்த நாட்டிலோ அந்த நாடு. சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு.

கே: அடுத்த வாரம் கிளம்ப வேண்டும். இன்று விண்ணப்பித்தால் கிடைக்குமா?

அந்த நம்பிக்கையில் டிக்கெட் எடுக்காதீர்கள். பயணத்துக்கு 15 நாளாவது முன்பு விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். சிக்கலான விண்ணப்பம் என்றால் முடிவு வர 45 நாள்கூட ஆகலாம். ஆறு மாதம் முன்பே கொடுக்க வழி இருக்கிறது, அப்புறம் ஏன் கடைசி வாரம் வரை காத்திருப்பது?

கே: ஒரு நாட்டில் சுலபமாக விசா கொடுக்கிறார்களாம். அங்கே ஹோட்டல் புக்கிங் காட்டி வாங்கிவிட்டு, நேராக வேறு நாட்டுக்குப் போகலாம் என்கிறார் ஏஜென்ட். தப்பில்லையே?

தப்புதான். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விசா கையில் இருந்தாலே உள்ளே விட்டாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. விமான நிலையத்தில் எல்லை அதிகாரி எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள், எப்போது திரும்புகிறீர்கள் என்று கேட்பார். விசா கொடுத்தது ஒரு நாடு, உங்கள் ஹோட்டல் எல்லாம் வேறொரு நாட்டில் என்றால் அடுத்த கேள்விக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்? பொய்த் தகவல் கொடுத்து வாங்கியது என்று தெரிந்தால் அங்கேயே விசாவை ரத்து செய்யலாம். அந்தப் பதிவு எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான கணினியில் ஏறும். அடுத்த முறை வேறு தூதரகத்துக்குப் போனாலும் அவர்கள் பார்ப்பது அதே பதிவைத்தான்.

ஏஜென்ட் மீது எனக்குள்ள கோபம் இதுதான்: விசா வந்த மறுநாளே ரத்து செய்யும் புக்கிங்கைக் காட்டச் சொல்லித் தருகிறார்கள், மாட்டிக்கொண்டால் போனைக்கூட எடுப்பதில்லை. படிவத்தை யார் நிரப்பினாலும் அடியில் கையெழுத்து உங்களுடையது. போகப் போகும் பயணத்தை மட்டும் எழுதுங்கள். விசா வந்த பிறகு உண்மையிலேயே திட்டம் மாறினால் அது வேறு விஷயம். மாறியதற்கான காகிதங்களைக் கையில் வைத்திருங்கள்.

கே: பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசா ஸ்டிக்கரில் தேதி 27 நாள் காட்டுகிறது, கீழே 12 என்று இருக்கிறது. 27 நாளும் இருக்கலாம்தானே?

இல்லை. 12 நாள்தான். அந்த 27 நாளுக்குள் எந்த 12 நாள் என்பது மட்டும் உங்கள் விருப்பம். நுழையும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் கணக்கில் சேரும்.

கே: மல்டிபிள் என்ட்ரி விசா. மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை 60 நாள் இருந்தேன். ஜூன் 1 அன்று மறுபடி போய் 60 நாள் இருக்கலாமா?

30 நாள்தான் மிச்சம். ஜூன் 30க்குள் வெளியே வந்துவிடுங்கள். எந்த நாளிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ணினாலும் மொத்தம் 90ஐத் தாண்டக் கூடாது. வெளியே வந்து திரும்ப நுழைந்தால் கணக்கு புதிதாகத் தொடங்காது. 2025 அக்டோபரிலிருந்து முகப்படம் எடுத்து நுழைவு, வெளியேற்றத்தைக் கணினியிலேயே பதிய ஆரம்பித்துவிட்டார்கள். பாஸ்போர்ட் முத்திரை மங்கலாக இருந்தது என்ற சமாதானம் இனி எடுபடாது.

கே: பாரிஸிலிருந்து லண்டன் போய்விட்டு ஜூரிக் போகலாமா?

லண்டனுக்குத் தனி விசா வேண்டும், டப்ளினுக்கும் அப்படியே. நடுவில் லண்டன் போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு; திரும்ப நுழைய இரண்டு நுழைவாவது ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் உண்டு.

கே: பாஸ்போர்ட்டில் இன்னும் 4 மாதம் இருக்கிறது. போதுமா?

பயணத் தேதியை எழுதாமல் இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து 3 மாதம் மிச்சம் இருக்க வேண்டும். கடைசி 10 வருடத்துக்குள் வழங்கியதாகவும், இரண்டு பக்கமாவது காலியாகவும் இருக்க வேண்டும். புதுப்பித்துவிட்டே விண்ணப்பியுங்கள்.

கே: இருப்பதிலேயே மலிவான பயண மருத்துவ இன்சூரன்ஸ் எடுத்தால் போதுமா?

30,000 யூரோவுக்குக் குறையாமல், எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும், தங்கும் எல்லா நாளுக்கும் செல்லுபடியானால் போதும். ஒரு நாள் குறைந்தாலும் சிக்கல்.

கே: எல்லாக் காகிதமும் சரியாகக் கொடுத்தேன், மறுத்துவிட்டார்கள். ஏன்?

மறுப்புக் கடிதத்தில் காரணத்துக்கு நேராகக் குறி போட்டிருப்பார்கள். அதை எனக்கு அனுப்பாமல் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். மேல்முறையீட்டு வழியும் கெடுவும் அதே கடிதத்தில் இருக்கும், கெடு போவதற்குள் படியுங்கள். மறுபடி விண்ணப்பிக்கத் தடை இல்லை. ஆனால் விசாக் கட்டணமாகக் கட்டிய 90 யூரோ திரும்ப வராது, இன்னொரு 90 கட்ட வேண்டும். குறி போட்ட காரணத்தைச் சரிசெய்யாமல் அதே காகிதக் கட்டை வேறு நாட்டுத் தூதரகத்தில் நீட்டாதீர்கள்.