காலையில் வாங்கும் மல்லிகை மொட்டில் வாசனையே இல்லையே, இரவில் மட்டும் மணப்பது எப்படி? செயற்கை வாசனை தெளிக்கிறார்களா?

காலையில் வாங்கிய சரத்தில் மணமே இல்லை, இரவில் அறை முழுக்க மணக்கிறது, மறுநாள் ஒருவித நெடி அடிக்கிறது, ஆகவே பூக்காரர் எதையோ தெளித்து விற்கிறார் என்று சந்தேகப்படுகிறீர்கள். நகரத்தில், தெருமுனையில் கூடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் வாங்குகிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவைத் தயவுசெய்து சந்தேகப்படாதீர்கள். நான் மதுரையை அடுத்த திருமங்கலம் பக்கம் பூ விவசாயம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவள். வேதியியல் முதுகலையில் ஆய்வுக்கு எடுத்ததும் மல்லிகையைத்தான். இந்தப் பழியைக் கேட்டால் எனக்குப் பொறுப்பதில்லை.

நீங்கள் சொன்ன மூன்றும் ஒரே பூவின் மூன்று நிலைகள். மதுரை மல்லியை விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறுவதற்குள் மொட்டாகவே பறித்துவிடுவார்கள். அன்று மாலை விரியப்போகிற, முழுதாக விளைந்த வெள்ளை மொட்டுதான் நல்ல மொட்டு. அதை முகர்ந்தால் லேசான பச்சை வாடை வரும், அவ்வளவுதான். லினலூல், பென்சைல் ஆல்கஹால் போன்ற மணப்பொருள்களில் ஒரு பகுதி மொட்டுக்குள் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. அப்படிப் பிணைந்திருப்பது ஆவியாகாது. ஆவியாகாதது மூக்குக்கு எட்டாது. இதழ் விரியும் நேரத்தில் நொதிகள் அந்தப் பிணைப்பை வெட்டிவிடுகின்றன. கூடவே இதழின் செல்கள் புதிதாகவும் மணப்பொருள்களைத் தயாரிக்கத் தொடங்குகின்றன. பென்சைல் ஆல்கஹால் பென்சைல் அசிடேட்டாக மாறுவது அப்படித்தான். மல்லிகையின் இனிப்பான, பழம் போன்ற மணத்தில் பெரும்பங்கு இதனுடையது.

"பிணைப்பு உடைவதெல்லாம் சிறு பங்கு, பெரும்பாலும் புதிதாக உற்பத்தியாவதுதான்" என்று யாராவது எழுதுவார்கள். இரண்டும் நடக்கிறது என்றுதான் நான் சொல்கிறேன். எது எவ்வளவு என்பது ரகத்துக்கும் பருவநிலைக்கும் ஏற்ப மாறும்.

பூ நன்றாக விரிந்த பிறகு ஃபார்னசீன், திராட்சை மிட்டாயை நினைவூட்டும் மெத்தில் ஆந்த்ரனிலேட், இண்டோல் எல்லாம் சேர்ந்து மணம் கனக்கிறது. இண்டோலைத் தனியாக முகர்ந்தால் அந்துருண்டை நெடி. மலத்திலும் இருக்கும் பொருள் அது. ஆனால் அது இல்லாவிட்டால் மல்லிகை மல்லிகையாக இருக்காது. மறுநாள் காலை உங்களுக்கு அடிக்கும் நெடியிலும் அதற்குப் பங்குண்டு. லினலூல் கொதிப்பது ஏறக்குறைய 198 டிகிரி செல்சியஸில், பென்சைல் அசிடேட் 213-ஐ ஒட்டி, இண்டோல் 254-இல். எளிதில் ஆவியாகுபவை முதலில் பறந்துபோக, மெதுவாக ஆவியாகும் இண்டோல் பின்தங்குகிறது. இதழ் அழுகத் தொடங்கும் வாடையும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. கொதிநிலை ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அது முக்கியமான காரணம்.

பறித்த பிறகும் பூ உயிரோடு இருந்து மணத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன பிரான்சின் கிராஸ் நகரத்தில் ஒரு காலத்தில் கண்ணாடித் தட்டில் மணத்தை உறிஞ்சும் கொழுப்பைப் பூசி, அதன்மேல் சாதிமல்லியைப் பரப்பி, ஒரு நாள் விட்டு எடுப்பார்கள். உடனே கரைப்பானில் போட்டு எடுப்பதைவிட இந்த முறையில் பல மடங்கு மணப்பொருள் கிடைக்கிறது என்று 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்பர்ட் ஹெஸ்ஸே என்ற ஜெர்மன் வேதியியலாளர் காட்டினார். சீனாவின் ஃபூஜோவில் நம் குண்டுமல்லி இனத்தையே பிற்பகலில் மொட்டாகப் பறித்து, இரவில் அது விரியும்போது தேயிலையோடு கலக்கிறார்கள். மொட்டிலேயே மணம் இருந்தால் அவர்கள் ஏன் இரவெல்லாம் விழித்திருக்க வேண்டும்?

இப்போது எனக்கு இந்தக் கேள்வி ஏன் வலிக்கிறது என்று சொல்கிறேன். கோடையில் பூ வரத்து பெருகி விலை விழுந்துவிட்டால் வாசனைத் திரவிய ஆலைக்குப் போடுவோம். ஒருமுறை சித்தப்பாவோடு நானும் போயிருந்தேன். வாசலில் கொள்முதல் செய்பவர் மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி மொட்டை அள்ளி முகர்ந்துவிட்டு, "மணமே இல்லை, நேற்றைய பூ" என்று விலையைக் குறைத்தார். விடிகாலையில் என் சித்தி தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பறித்த பூ அது. கொள்முதல் செய்தவரின் தோளுக்குப் பின்னால் ஆலையின் தரை தெரிந்தது. அங்கே எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் மொட்டுகளை மெல்லிய படுகையாகப் பரப்பியிருந்தார்கள். மாலையில் விரிந்த பிறகே அவற்றைக் கரைப்பானில் போடுவார்கள். இரவுக்காகக் காத்திருக்கும் ஆலைக்குக் காலை மொட்டு மணக்காது என்பது தெரியாதா? நான் இதை அவரிடம் நேராகவே கேட்டேன். பதில் இல்லை. சித்தப்பாதான், "திரும்பிப் போனால் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை இதைவிட விழுந்திருக்கும், கொடுத்துவிடலாம் தாயி" என்றார். சொன்ன விலைக்கே கொடுத்தோம். எல்லா ஆலைகளும் இப்படித்தான் என்று சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறேன்.

கேட்காத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த அதிகாலை பஸ்ஸை வருமானம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். பூ பறிக்கப் போகும் பெண்கள் அந்த பஸ்ஸில்தான் போவார்கள். இப்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துப் போகிறார்கள், கூலியில் ஒரு பங்கு அதற்கே போகிறது. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பெருமையாகப் பேசுகிறோம். அதைப் பறிப்பவருக்கு ஒரு பஸ் கிடையாது.

உங்களுக்கு வருகிறேன். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் நொதிகளின் வேலையும் இதழ் விரிவதும் மந்தமாகும். அதனால் சூடப்போவதற்கு ஓரிரு மணி நேரம் முன்பே வெளியே எடுத்து, ஈரத்துணியில் வையுங்கள். பச்சை நிறம் மாறாத சின்ன மொட்டு சரியாக விரியாது, மணமும் வராது. வாங்கும்போதே பார்த்துத் தவிர்க்கலாம். இரவு ஒன்பது மணிக்கும் மணமே வரவில்லை என்றால் சரத்தில் காக்கடா கலந்திருக்கிறதா என்று பாருங்கள். மல்லி விலை ஏறும் மார்கழியில் அப்படிக் கலப்பதுண்டு. பார்வைக்கு வெள்ளையாக இருக்கும், மணம் சொல்லும்படி இருக்காது. அப்போது பூக்காரரிடம் தாராளமாகச் சண்டை போடுங்கள்.