வைண்டர் வாங்கும் முன்: கடிகாரக் கேள்வி பதில்

கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் கடிகாரத்தை, கழற்றி வைத்திருக்கும்போது சுழற்றிச் சாவி ஏற்றும் பெட்டிதான் வைண்டர். அதைப் பற்றி இம்மாதம் நிறையக் கடிதங்கள். பெட்டி வால்நட் மரமா, பியானோ கறுப்பா என்று கேட்டவர்கள் அதிகம். உள்ளே உட்காரப்போகும் கடிகாரத்துக்கு எந்தப் பக்கம் சுற்றினால் சாவி ஏறும் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): என்னிடம் இருப்பது ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 41 ஒன்றுதான். திங்கள் முதல் வெள்ளி வரை கட்டுவேன், சனி ஞாயிறு கழற்றி வைத்துவிடுவேன். வைண்டரில் வைக்காவிட்டால் உள்ளே எண்ணெய் உறைந்துவிடும் என்கிறார் ஒரு கடைக்காரர். 400 சிங்கப்பூர் வெள்ளி போட்டு வாங்கலாமா?

பதில்: வேண்டாம். இப்போதைய டேட்ஜஸ்ட் 41-இல் இருப்பது 3235 என்ற இயக்கம், அதாவது உள்ளே ஓடும் இயந்திரம். முழுச் சாவி ஏறியிருந்தால் சுமார் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு 8 மணிக்குக் கழற்றினால் திங்கள் மாலை 6 மணி வரை தாங்கும். திங்கள் காலை கையில் கட்டும்போது அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

எண்ணெய்க் கதை பழைய காலத்தது. விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெய் போட்ட நாளில் அது உண்மை. இன்றைய செயற்கை எண்ணெய் கடிகாரம் நின்றிருப்பதால் உறைவதில்லை. அதற்கு வயதாவது ஓடினாலும் நடக்கும், நின்றாலும் நடக்கும். ஓடும் கடிகாரத்தில் பல்சக்கரத் தேய்மானமும் கூடவே சேரும்.

வைண்டர் யாருக்கு வேண்டும்? மாத நாட்களைத் தானே கணக்கிட்டுத் தேதி காட்டும் பெர்பெச்சுவல் காலண்டர், ஆண்டுக் காலண்டர், நிலாப் பிறை காட்டும் கடிகாரம் வைத்திருப்பவர்களுக்கு. நான்கு நாள் நின்றுவிட்டால் தேதி, கிழமை, மாதம், பிறை என்று ஒவ்வொன்றாகக் குச்சியால் அழுத்தித் திருத்த வேண்டியிருக்கும். கடிகாரத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு திருகைப் பிடித்துத் திருக முடியாதபடி விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் உதவும். தேதி மட்டும் உள்ள கடிகாரம் நின்றால் திருத்த ஒரு நிமிடம் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: முள் இரவு 9-க்கும் அதிகாலை 3-க்கும் இடையில் இருக்கும்போது தேதியைத் தனியாக மாற்றாதீர்கள். பல இயக்கங்களில் அந்த நேரத்தில் தேதிச் சக்கரம் பல்லோடு பல் கோத்திருக்கும், பல் முறியலாம். முதலில் முள்ளை மாலை 6.30-க்குக் கொண்டுவந்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): டேக் ஹாயர் கரேரா, காலிபர் 16 இயக்கம். வைண்டரை இருபக்கச் சுற்று, நாளைக்கு 650 சுற்று என்று வைத்திருக்கிறேன். வெள்ளி இரவு வைத்தால் திங்கள் காலை நின்றுபோய் இருக்கிறது. அதே வைண்டரில் தம்பியின் டியூடர் வாரக்கணக்கில் ஓடுகிறது. என் கடிகாரத்தில் கோளாறா?

பதில்: கடிகாரத்தில் கோளாறு இருக்க வாய்ப்புக் குறைவு. அமைப்புதான் தவறு.

காலிபர் 16-க்கு அடிப்படை வால்ஜூ 7750 அல்லது அதே அமைப்பிலான செல்லிட்டா எஸ்டபிள்யூ500. இரண்டிலும் ரோட்டர் (கை அசைவில் சுழலும் எடைத் தகடு) ஒரு பக்கம் திரும்பும்போது மட்டுமே, கடிகாரத்தை ஓட்டும் சுருள்வில்லை இறுக்கும். மறுபக்கம் வெறுமனே விர்ரென்று சுழலும். கையை ஆட்டும்போது கடிகாரம் மணிக்கட்டில் லேசாக அதிர்வதை உணர்ந்திருப்பீர்கள், அது இந்த வெற்றுச் சுழற்சிதான். டியூடரின் சொந்த இயக்கங்களில் இரு பக்கமும் சாவி ஏறும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபக்கம் 650 என்றால் வலப்பக்கம் 325, இடப்பக்கம் 325. உங்கள் கடிகாரத்துக்குப் பயன்படுவது 325 மட்டும். அதற்கு வேண்டியதோ ஒரே பக்கத்தில் ஏறத்தாழ 800. கையில் இருக்கும் சாவி கரையும் வரை ஓடிவிட்டு நின்றுவிடுகிறது.

வைண்டரை வலச்சுற்று மட்டும், 800 என்று மாற்றுங்கள். வலம் என்பது முகப்பு உங்களைப் பார்த்திருக்கும்போது கடிகாரம் திரும்பும் திசை. பின்மூடிக் கண்ணாடி வழியாக ரோட்டரைப் பார்த்துத் திசை சொன்னால் எல்லாம் தலைகீழாகிவிடும், பலர் தடுமாறுவது இங்கேதான். சந்தேகமிருந்தால் முழுதும் நின்றுபோன கடிகாரத்தை வலச்சுற்றில் ஒரு மணி நேரம் வையுங்கள். முகப்பின் சிறு வட்டத்தில் உள்ள வினாடி முள் நகர்ந்தால் அதுவே சரியான பக்கம்.

கடைசியாக ஓர் அளவு பார்க்க வேண்டும். திருகால் 30 முதல் 40 முறை சாவி கொடுத்துவிட்டு வைண்டரில் 4 நாள் விடுங்கள். நின்ற கடிகாரத்தை அப்படியே வைத்து ‘ஏற்றிக்கொள்’ என்றால் முழுச் சாவி ஏறாது. ஓடுவதைத் தக்கவைக்கவே வைண்டர். ஐந்தாம் நாள் எடுத்து மேசையில் வைத்து எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 40 மணியை நெருங்கினால் அமைப்பு சரி. 15, 20 மணியில் நின்றால் 100 சுற்று கூட்டி மறுபடி பாருங்கள்.

கேள்வி (செங்காங்): இணையத்தில் 60 வெள்ளிக்கு வாங்கிய வைண்டர். ‘மோடு 1, 2, 3’ என்று மட்டும் இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதிகம் சுற்றினால் சுருள்வில் அறுந்துவிடுமா?

பதில்: கடிகாரம் உட்கார்ந்து சுழலும் கப்பின் விளிம்பில் சின்னத் துண்டு டேப் ஒட்டுங்கள். போனில் நேரம் வைத்து ஒரு நிமிடத்தில் டேப் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு எத்தனை நிமிடம் சுற்றுகிறது, எத்தனை நிமிடம் ஓய்கிறது என்று ஒரு மணி நேரம் கவனியுங்கள்.

உதாரணத்துக்கு, நிமிடத்துக்கு 10 சுற்று. 2 நிமிடம் ஓட்டம், 6 நிமிடம் ஓய்வு. மணிக்கு 15 நிமிட ஓட்டம், 150 சுற்று. நாள் முழுக்க இப்படியே போனால் 3,600. பெரும்பாலான கடிகாரங்களுக்கு வேண்டியது 650 முதல் 900 வரைதான்.

வில் அறுந்துவிடாது. ஆட்டோமேட்டிக் கடிகாரத்தில் சுருள்வில்லின் வெளிநுனி வில்பெட்டிச் சுவரில் கொக்கி போட்டு மாட்டப்படவில்லை, அழுத்திக்கொண்டு நிற்கிறது. முழுதும் ஏறியதும் வழுக்கும். ஆனால் அந்த வழுக்கலுக்கென்று சுவரில் பூசிய கிரீஸ் இருக்கிறது. இரவும் பகலும் வழுக்க வைத்தால் அது தேயும், பிறகு வில் சீக்கிரமே வழுக்கத் தொடங்கி முழுச் சாவி ஏறாமல் போகும். 70 மணி ஓடியது 45-க்கு இறங்கினால் சந்தேகிக்க வேண்டிய இடம் இது.

பெட்டியைத் தூக்கிப் போட வேண்டாம். வன்பொருள் கடையில் கிடைக்கும் டைமர் பிளக்கை வாங்கி நாளைக்கு 5 மணி நேரம் மட்டும் மின்சாரம் போகும்படி வையுங்கள்: 5 பெருக்கல் 150, ஆக 750. ஒரு நிபந்தனை: மின்சாரம் நின்று திரும்ப வந்ததும் வைண்டர் தானாகச் சுற்றத் தொடங்க வேண்டும். பட்டன் அழுத்தினால்தான் ஓடும் ரகமாக இருந்தால் டைமர் பயன்படாது. வாங்குமுன் சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகவே.

கேள்வி (ஈசூன்): ஓரிஸ் அக்விஸ், 733 இயக்கம். திசை, சுற்று எல்லாம் சரியாகவே வைத்திருக்கிறேன். ஆனாலும் வைண்டரில் நின்றுவிடுகிறது.

பதில்: வைண்டரிலிருந்து எடுத்து, திருகால் மெதுவாகச் சாவி கொடுங்கள். காதருகே வைத்துக் கேளுங்கள், பின்மூடி கண்ணாடியாக இருந்தால் பாருங்கள். நீங்கள் திருகத் திருக ரோட்டரும் சேர்ந்து சுற்றுகிறதா? அப்படியானால் ரோட்டரின் இருபக்கச் சுழற்சியையும் சாவியாக மாற்றும் ரிவர்சர் சக்கரங்கள் அழுக்காலோ எண்ணெய் காய்ந்ததாலோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் 733-க்கு அடிப்படையான செல்லிட்டா எஸ்டபிள்யூ200, இடிஏ 2824 குடும்பத்தில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. உடனே திருகுவதை நிறுத்திப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். மேலும் திருகினால் பல் தேயும், செலவு கூடும்.

கேள்வி (தெம்பனிஸ்): இரண்டு ஆண்டுப் பழைய வைண்டர். உள்ளே தோல் போன்ற உறை பிசுபிசுத்துச் செதில் செதிலாக உரிகிறது. கடிகாரச் செயின் இடுக்கிலெல்லாம் கறுப்புத் துகள். கடிகாரத்துக்கும் ஆபத்தா?

பதில்: அது தோல் இல்லை, பாலியூரித்தேன் பூச்சு. ஈரத்தில் சிதையும் பொருள். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும், பழைய சோஃபாவும் ஷூவும் உரிவது இதே காரணத்தால்தான். கடிகாரத்துக்குள் துகள் போகாது, ரப்பர் வளையங்கள் தடுக்கும். செயினை மிதமான சோப்பு நீரில் மென்மையான பல்துலக்கியால் கழுவுங்கள், அதற்குமுன் திருகு இறுக மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வைண்டரில் உறை துணியாகவோ வெல்வெட்டாகவோ இருக்கட்டும். கப்புக்குள் வரும் குஷனைக் கையால் அழுத்திப் பாருங்கள். வெறும் பஞ்சு நுரை என்றால் அதுவும் ஒருநாள் தூளாகும். அளவும் முக்கியம்: மெல்லிய மணிக்கட்டுக்காரரின் செயினைப் பெரிய குஷனில் திணித்தால் வாரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் குச்சிகள் இழுபடும், தோல் வார் என்றால் துளைகள் நீளும். தொளதொளவென்று இருந்தாலோ சுற்றுக்குச் சுற்று ‘டொக்’ என்று இடிக்கும்.

வைண்டரைப் பாம் ஷெல்டரில் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையில்) வைப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். இரும்புக் கதவைச் சாத்தினால் காற்றோட்டம் குறைவு, தோல் வாரில் வெள்ளைப் பூஞ்சை பூக்கும். கேமராக்காரர்கள் பயன்படுத்தும், ஈரப்பதம் குறைக்கும் அலமாரியான ட்ரை கேபினெட் 40 முதல் 50 விழுக்காட்டில் இருந்தால் வாருக்கு நல்லது. அதற்கும் கீழே இறக்கினால் தோல் வெடிக்கும்.

கேள்வி (அங் மோ கியோ): ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் மூன்வாட்ச் 3861-க்கு எத்தனை சுற்று?

பதில்: பூஜ்யம். அதில் ரோட்டரே கிடையாது, கையால் சாவி கொடுக்கும் கடிகாரம். தினமும் ஒரே நேரத்தில், திருகு தடுக்கும் வரை கொடுங்கள்.

கேள்வி (பிடோக்): வைண்டரில் வைக்கத் தொடங்கிய பிறகு என் பழைய சீக்கோ கடிகாரம் நாளைக்கு 4, 5 நிமிடம் வேகமாக ஓடுகிறது. மோட்டார் காந்தம் ஏற்றிவிட்டதா?

பதில்: காந்தம் ஏறியிருக்கலாம், ஆனால் மோட்டாரைக் குற்றம் சொல்ல அவசரப்படாதீர்கள். கடிகாரத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய பேலன்ஸ் சுருள் காந்தமேறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். வேலை செய்யும் நீளம் குறையும், அதனால் வேகம் கூடும். சின்னத் திசைகாட்டி ஒன்றைக் கடிகாரத்தின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஊசி நன்றாகத் திரும்பினால் காந்தமேதான், கடையில் சில நொடியில் நீக்கிவிடுவார்கள்.

பிறகு அதே திசைகாட்டியைக் காலிக் கப்பில் வைத்து மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். மூடியின் ஓரத்திலும் வையுங்கள். பல பெட்டிகளில் மூடியைப் பிடிக்கும் காந்தம்தான் மோட்டாரைவிட வலுவானது. கைப்பைப் பட்டன், ஐபேட் உறை, புளூடூத் ஒலிபெருக்கி ஆகியவையும் சந்தேகப் பட்டியலில் உண்டு. 15,000 காஸ் காந்தப்புலத்தைத் தாங்கும் ஒமேகா மாஸ்டர் குரோனோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): தீபாவளிக்கு ஒரு மாதம் திருச்சி போகிறோம். வைண்டரை ஓடவிட்டுப் போகலாமா? அடாப்டரும் பழுது, வீட்டில் இருக்கும் வேறொன்றைச் செருகலாமா?

பதில்: கடிகாரம் நிற்கட்டும், சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போங்கள். பேட்டரி போடும் வைண்டர் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் தகடு அரித்துவிடும்.

அடாப்டர் விஷயத்தில் ஊசி பொருந்துவது போதாது. வைண்டரின் அடியில் வோல்ட் எழுதியிருக்கும். 5 வோல்ட் வைண்டரில் 12 வோல்ட்டைச் செருகினால் போர்டு கருகும். கூட்டல் கழித்தல் முனை காட்டும் வட்டப் படமும் ஒத்துப்போக வேண்டும். ஆம்பியர் எண் பழையதற்குச் சமமாகவோ கூடவோ இருக்கலாம், குறையக்கூடாது. மூன்று பின் கொண்ட, சிங்கப்பூரின் ஸேஃப்டி மார்க் பாதுகாப்பு முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.