பூச்சிப் பெட்டிக்கு எந்தச் சூடு? சேலம், ஏற்காடு வாசகர் கேள்விகளும் பதில்களும்

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் வரும் ஏற்காடோ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே ஒரே பூச்சியை வளர்க்கும் இரண்டு வாசகர்களுக்கு நான் நேர் எதிரான பதில்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டில் கண்ணாடித் தொட்டியில் கும்பிடுபூச்சி வளர்க்கிறேன். மார்கழி இரவுகளில் அது அசையாமல் கிடக்கிறது. பிடித்த இரையையும் பாதியில் விட்டுவிடுகிறது. 40 வாட் குண்டு பல்பு போடலாமா, ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு) வாங்கலாமா?

முதலில் ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கித் தொட்டிக்குள் வையுங்கள். அறையின் குளிரும் தொட்டியின் குளிரும் ஒன்றாக இருப்பதில்லை; அளந்து பார்க்காமல் சூடாக்கியதால் இறந்த பூச்சிகளே குளிரில் இறந்தவற்றைவிட அதிகம் என்பது என் அனுபவம். பகலில் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை கிடைத்தால், இரவில் 18 டிகிரிக்கு இறங்குவதைப் பற்றி நம் பகுதிக் கும்பிடுபூச்சிக்குக் கவலை இல்லை. பகலிலும் 20 டிகிரியைத் தாண்டாத நாட்களில்தான் செரிமானம் மந்தமாகி, நீங்கள் சொல்வதுபோல இரையை விட்டுவிடுகிறது.

குண்டு பல்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரவு முழுவதும் எரியும் வெளிச்சம் பூச்சியின் பகல்–இரவு ஒழுங்கைக் குலைக்கும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கும்பிடுபூச்சி தொட்டியின் கூரையில் தலைகீழாகத் தொங்கியபடிதான் தோலுரிக்கும். பல்பின் சூடு மிகுதியாகச் சேரும் இடமும், காற்று வேகமாக உலரும் இடமும் அந்தக் கூரைதான். காற்று உலர்ந்துவிட்டால் பழைய தோல் கால்களைப் பிடித்துக்கொள்ளும். வளைந்த கால்களோடு வெளிவரும் பூச்சியால் மறுபடி இரை பிடிக்க முடியாது. வெளிச்சம் தராத செராமிக் பல்பிலும் இந்தக் குறை இருக்கிறது. அதன் மேற்பரப்பு கடுமையாகக் காய்வதால் பீங்கான் ஹோல்டரும் வேண்டும். அது பெரிய கூண்டுகளுக்கு உரிய சாதனம்.

உங்கள் தொட்டிக்கு 5 முதல் 10 வாட் வரையுள்ள ஹீட் மேட் போதும். அதை அடியில் வைக்காமல், ஒரு பக்கச் சுவரின் வெளிப்புறத்தில், அந்தச் சுவரின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாதபடி ஒட்டுங்கள். எதிர்ப்பக்கம் குளிர்ந்தே இருக்கட்டும். தனக்கு வேண்டிய இடத்தைப் பூச்சி தானே தேர்ந்துகொள்ளும். தெர்மோஸ்டாட் (குறித்த வெப்பம் வந்ததும் மேட்டைத் தானே நிறுத்தும் கருவி) இல்லாமல் மேட்டை இயக்கவே வேண்டாம். வெப்பத்தை அளக்கும் அதன் உணர்கம்பியைப் பூச்சி வழக்கமாகத் தொங்கும் உயரத்தில், சூடான பக்கத்திலேயே பொருத்துங்கள். சூடு ஏறினால் ஈரம் குறையும் என்பதால் மாலையில் ஒரு பக்கச் சுவரில் மட்டும் மெல்லிய நீர்த்தூவல் கொடுப்பது நல்லது.

சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். மகள் பள்ளித் திட்டத்துக்காகப் பட்டுப்புழு வளர்க்கிறாள். சித்திரை மாதத்தில் தொடங்கப்போகிறோம். சூடேற்றும் சாதனம் எதை வாங்குவது?

எதையும் வாங்க வேண்டாம். பட்டுப்புழுவுக்கு உகந்தது 24 முதல் 28 டிகிரி வரை. இளம்புழுவுக்கு அதன் மேல்வரம்பும், கடைசிப் பருவத்துக்குக் கீழ்வரம்பும் ஏற்றவை. சித்திரை வெயிலில் உங்கள் வீட்டின் வெப்பமே அதைத் தாண்டிவிடும். சன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டுக் காற்றோட்டமான நிழலில் தட்டை வையுங்கள். மல்பெரி இலையை அதிகாலையில் பறித்து ஈரத்துணியில் சுற்றி வைக்கலாம்; ஆனால் நீர் சொட்டும் இலையைப் புழுவுக்குப் போட்டால் நோய் வரும். எறும்பு ஏறாதபடி தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்துங்கள். கொசுவர்த்திச் சுருளும் திரவக் கொசுவிரட்டியும் அந்த அறைக்குள் வரவே கூடாது. கொசுவைக் கொல்லும் மருந்து புழுவையும் கொல்லும். தை மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியுமானால் குழந்தைக்கும் புழுவுக்கும் அதுவே நல்லது.

எங்கள் ஏற்காட்டுத் தோட்டத்தில் கிடைத்த குச்சிப்பூச்சிக்குச் சூடு வேண்டுமா?

வேண்டாம். அது பிறந்து வளர்ந்த குளிர்தான் இது. நம் தமிழ்நாட்டின் பழனி மலையில், செண்பகனூர்ப் பகுதியிலிருந்து சேகரிக்கப்பட்ட ஓர் இனம் நூறாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய ஆய்வகங்களிலும் பள்ளிகளிலும் வளர்க்கப்பட்டு வருகிறது. ஆண் இல்லாமலேயே பெண் முட்டையிட்டுப் பெருகும் அந்த இனத்தை, தனிச் சூடு எதுவும் தராமல் அறை வெப்பத்திலேயே வைத்திருக்கிறார்கள். உங்களுடையது வேறு இனமாக இருக்கலாம்; அது எந்தச் செடியில் இருந்ததோ அதன் இலையையே கொடுங்கள். காப்புக்காட்டிலிருந்து எந்தப் பூச்சியையும் எடுத்துவர வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சூரமங்கலத்தில் எருக்குழியில் கிடைத்த காண்டாமிருக வண்டின் புழுக்களை வாளியில் மக்கிய எருவோடு வைத்திருக்கிறேன். வாளியின் அடியில் ஹீட் மேட் வைத்தேன். புழுக்கள் மேலே வந்து கிடக்கின்றன.

மேட்டை இன்றே எடுத்துவிடுங்கள். மண்ணில் வாழும் புழு வெப்பத்துக்குத் தப்ப எப்போதும் கீழேதான் போகும். நீங்கள் அது தப்பிக்கும் திசையையே சூடாக்கியிருக்கிறீர்கள். சேலத்தில் எந்த மாதத்திலும் அவற்றுக்குச் சூடு தேவையில்லை. எரு இன்னும் மக்கிக்கொண்டிருந்தால் அதுவே உள்ளுக்குள் வெப்பத்தை உண்டாக்கும் என்பதால், கையை விட்டுப் பார்த்துக் கதகதப்பாக இருந்தால் கிளறி ஆறவிடுங்கள்.

மலையில் மழைக்காலத்தில் இரவு முழுவதும் மின்சாரம் போய்விடுகிறது. கணப்புச் சட்டியில் கரி மூட்டி அறையைச் சூடாக்கலாமா?

கூடவே கூடாது. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, தூங்கும் மனிதர்களையே கொன்றுவிடும். ஓர் இரவுக் குளிரைப் பெரும்பாலான பூச்சிகள் தாங்கிக்கொள்ளும். மெல்லக் குளிர்ந்து மெல்லச் சூடேறினால் போதும். தொட்டியின் மூன்று பக்கங்களிலும் தெர்மோகோல் அட்டையை வைத்துக் கட்டி, காற்றுத் துளைகளை மறைக்காமல் கம்பளியால் போர்த்துங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றித் தொட்டிக்கு வெளியே சாய்த்து வைக்கலாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் 10 வாட் மேட் அதற்கு ஒரு சுமையே இல்லை.

காலையில் மின்சாரம் வந்ததும் தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பி தன் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். போர்த்தும்போது அது தொட்டிக்கு வெளியே நழுவியிருந்தால், குளிர்ந்த அறைக்காற்றையே அளந்துகொண்டு மேட்டை நிறுத்தாமல் எரியவிடும். தொட்டிக்குள் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.