நீலகிரி நிலம் நீலகிரிக்காரர்களுக்குச் சோறு போடுமா?

கேள்வி: நீலகிரி மாவட்டத்தில் விளைவதை மட்டும் வைத்து அந்த மாவட்ட மக்கள் அனைவரும் சாப்பிட முடியுமா?

முடியாது. கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலையும் அதைவிடக் கொஞ்சமாகக் காய்கறித் தோட்டமும் வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. ஊட்டி மார்க்கெட்டில் குவிந்திருக்கும் கேரட்டையும் முட்டைக்கோஸையும் பார்த்து, "உங்களுக்கென்ன, எல்லாம் இங்கேயே விளைகிறது" என்று சொல்லிவிட்டுப் போகிற சுற்றுலாப் பயணிகளுக்கும் சேர்த்தே இந்தப் பதில்.

முதலில் தானியம். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தில் 7,35,394 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் என்று வைத்தால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னைத் தாண்டுகிறது. பத்து டன் லாரியில் ஏற்றினால் தினமும் ஏறக்குறைய முப்பது லாரி. மானாவாரி ராகி இந்தச் சரிவுகளில் ஹெக்டேருக்கு ஒரு டன் கொடுத்தால் நல்ல விளைச்சல் என்பேன். அப்படிப் பார்த்தால் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் வேண்டும். மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் இரண்டரை லட்சம் ஹெக்டேர். அதில் பாதிக்கு மேல் காடு. மீதியில்தான் ஊர், சாலை, அணை, எல்லாவற்றையும் விட அதிகமாகத் தேயிலை.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நெல் வயல்கள் உண்டு. வயநாடன் செட்டிகளும் பணியர்களும் தலைமுறை தலைமுறையாக உழைத்த தாழ்வயல்கள் அவை. இன்று அவற்றில் பலவற்றில் வாழையும் இஞ்சியும் நிற்கின்றன. எல்லாமே மறுபடி நெல்லுக்குத் திரும்பினாலும் மாவட்டத்துக்குப் பற்றாது.

காய்கறியைத் தின்றே பசியாறலாமே என்றால், 100 கிராம் கேரட்டில் சுமார் 40 கலோரி. 2,000 கலோரிக்கு ஒருவர் தினமும் ஐந்து கிலோ கேரட் தின்ன வேண்டும்; மாடே யோசிக்கும். காகிதத்தில் தேறுவது உருளைக்கிழங்கு மட்டும்தான். ஹெக்டேருக்கு 15 டன் எடுத்தால் பதினைந்து பேருக்கு ஓராண்டுக் கலோரி வந்துவிடும். ஆனால் ஒரே மண்ணில் வருடா வருடம் உருளைக்கிழங்கு போட்டால் நூற்புழு விடாது. 1961இல் ஊட்டிப் பகுதியில் கண்டறியப்பட்ட புழு அது. அதன் முட்டைக்கூடுகள் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். அதனால்தான் இடையில் கேரட், கோஸ், பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். சரிவில் தேயிலையைப் பிடுங்கிக் கிழங்கு போட்டால் மழைக்கு மண்ணும் நிற்காது.

"அந்தக் காலத்தில் மட்டும் எப்படிச் சாப்பிட்டார்கள்?" என்று உடனே அடுத்த கேள்வி வரும். படகர்கள் சாமையும் ராகியும் விளைவித்தார்கள், தோடர்கள் எருமை வளர்த்தார்கள், கோத்தர்கள் பானையும் இரும்புக் கருவிகளும் செய்தார்கள், ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் 1901இல்கூட மாவட்டத்தின் மக்கள்தொகை சுமார் 1.1 லட்சம்தான், அதற்குள் குன்னூருக்கு ரயிலும் வந்துவிட்டிருந்தது.

ராகியை விட்டதற்குச் சோம்பேறித்தனம்தான் காரணம் என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் பெரியப்பா அரை ஏக்கரில் ராகி போட்டார். கதிர் பால் பிடிக்கும்வரை ஒன்றுமில்லை. அதன்பின் ஓர் இரவு காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கி ஒரு பக்கம் முழுவதையும் உழுதுவிட்டுப் போனது. மிச்சத்தில் காட்டெருமைகள் மேய்ந்தது மட்டுமில்லாமல் படுத்தும் எழுந்திருக்கின்றன. தாளெல்லாம் சப்பையாகக் கிடந்தது. அடுத்த மழைக்கு அங்கே தேயிலை நாற்று நட்டார். தேயிலையைக் காட்டு விலங்குகள் பொதுவாகத் தின்பதில்லை. பச்சைத் தேயிலை விலை எவ்வளவு படுத்தாலும், பதினைந்து நாளுக்கொருமுறை கொழுந்து பறித்துப் போட்டால் கையில் ஏதோ காசு வரும்.

2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் வந்தது. நல்ல திட்டம், நாங்களும் வாங்கினோம். ஆனால் ஒரு காலத்தில் ராகி விளைந்த மலைக்கு அது கீழிருந்து லாரியில் ஏறி வந்தது.

சரி, காய்கறியிலாவது தன்னிறைவு என்று சொல்லலாமா? விடியலுக்கு முன்பே கேரட் பிடுங்கித் தழையைத் திருகிப் போடுகிறார்கள். மூட்டை கழுவும் நிலையத்துக்குப் போகிறது. உருளும் டிரம்மில் தண்ணீர் பீய்ச்ச, சேறு போய்ச் செக்கச் செவேலென்று வெளியே வருகிறது. அங்கிருந்து நேராக மேட்டுப்பாளையம் மண்டி. விலை அங்கேதான் தீர்மானமாகிறது. அந்தக் கேரட்டின் விதை வெளிநாட்டுக் கலப்பினம், எரு கீழிருந்து வரும் கோழி எரு. அதைப் போட்டுச் சாம்பார் வைக்க வேண்டுமானால் துவரம்பருப்பு, புளி, வெங்காயம், தக்காளி, எண்ணெய் அத்தனையும் மலையேறி வர வேண்டும். ஊட்டி உழவர் சந்தை போன்ற இடங்களில் தோட்டக்காரரே நேராக விற்பது நடக்கிறது. மண்டிக்கு இறங்கும் சரக்கோடு பார்த்தால் அது கொசுறு.

என்னைக் கேட்டால் கேள்வியில் எல்லைதான் தப்பான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. இங்கே பெய்யும் மழைதான் குந்தா, குன்னூர் ஆறு, மோயாறு என்று ஓடிப் பவானியில் சேர்கிறது. 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையில் தேங்கிக் கோபிச்செட்டிபாளையம் பக்கம் நெல்லாகிறது. மாவட்ட எல்லைக்கோட்டை அழித்துவிட்டுப் பவானிப் படுகையாகப் பார்த்தால் மலைக்காரன் யாருடைய சோற்றையும் ஓசியில் தின்பதாக எனக்குத் தோன்றவில்லை. காட்டைக் காட்டாக விட்டுவைப்பதே அந்த நெல்லுக்கு நாங்கள் போடும் பங்கு.

கவலைப்பட வேண்டிய இடம் சாலை. 2009 நவம்பர் மழையில் நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டபோது மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைப்பாதையும் அடைபட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் எந்தக் கிடங்கில், எந்த உள்கிராம ரேஷன் கடையில் எத்தனை நாளைக்கு அரிசி இருக்கிறது என்று ஒவ்வோர் ஆண்டும் கேளுங்கள். தேயிலையைப் பிடுங்கி ராகி போடும் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.