மின்கட்டணத்தை நிர்ணயிப்பது நகரமா, மாநிலமா?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். எங்கள் ஊருக்கு மின்சாரம் தரும் தனியார் நிறுவனத்தை மேற்பார்வையிடும் அதிகாரத்தை மாநில ஆணையத்திடமிருந்து நகர மன்றத்துக்கு மாற்றலாமா என்று வாக்கெடுப்பு வருகிறது. 'ஆம்' போட்டால் பில் குறையுமா?

பதில்: வாக்கு மட்டுமே பில்லைக் குறைத்துவிடாது. உள்ளூர்க் கட்டணத்தை யார் கேள்வி கேட்கலாம் என்பதைத்தான் அது மாற்றும்.

நியூ ஆர்லியன்ஸ் இரண்டையும் செய்து பார்த்த நகரம். 1981-ல் அதிகாரத்தை லூசியானா மாநிலத்தின் பொதுச் சேவை ஆணையத்திடம் ஒப்படைத்தது. 1985-ல் இன்னொரு வாக்கெடுப்பில் திரும்பப் பெற்றது. அதே 1985-ல் கிராண்ட் கல்ஃப் அணுமின் நிலையச் செலவைக் கூட்டாட்சி எரிசக்தி ஆணையம் பங்கு பிரித்து, ஒரு பங்கை நகரின் மின் நிறுவனத்தின் தலையில் வைத்தது. மின் நிறுவனங்கள் தமக்குள் வாங்கி விற்கும் மொத்த விற்பனை விலை கூட்டாட்சி அதிகாரத்தில் வருவதால், அந்தப் பங்கை நகர மன்றம் மாற்ற முடியாது. ஆனால், அந்த நிலையத்திலிருந்து தன் பங்குக்கு வந்த மின்சாரத்தை வெளியே விற்று நட்டத்தைக் குறைக்க நிறுவனம் முயலவில்லை என்று கண்டு, 1988-ல் 13.5 கோடி டாலரை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாதென மன்றம் உத்தரவிட்டது. நிறுவனம் வழக்குப் போட்டது. அது 1989-ல் உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. உள்ளூர் மேற்பார்வையின் பலமும் எல்லையும் இந்த ஒரு வழக்கிலேயே தெரியும்.

ஆகவே வாக்குச்சீட்டிலுள்ள சுருக்கத்தை நம்பாமல், முழுத் தீர்மானத்தை நகர எழுத்தர் அலுவலகத்தில் வாங்கிப் படியுங்கள். முதலில் பார்க்க வேண்டியது, மாறுவது மேற்பார்வையா, உடைமையா என்பது. கொலராடோவின் போல்டர் நகரம் 2011-ல் சொந்த மின்வாரியம் அமைக்க வாக்களித்தது. வழக்கும் செலவுமாக இழுத்தடித்து, 2020-ல் பழைய நிறுவனத்துடனேயே ஒப்பந்தம் போட வாக்களித்து முயற்சியை முடித்துக்கொண்டது. அந்தப் பாதை வேறு, நீங்கள் கேட்பது வேறு.

அடுத்து, நிபுணர்களுக்கான பணம். இங்கேதான் பல நகரங்கள் வழுக்கும். கட்டணத்தை மாற்றக் கேட்டு நிறுவனம் தரும் கட்டண மனுவை அலச வழக்கறிஞர், பொறியாளர், கணக்காளர் வேண்டும். நியூ ஆர்லியன்ஸ் மன்றம் வெளி ஆலோசகர்களை அமர்த்துகிறது. அந்தச் செலவு கடைசியில் பில்லில்தான் ஏறும். நிதிக்கு வழி சொல்லாத தீர்மானம் என்றால், நிறுவனம் நீட்டும் கணக்கை மன்றம் அப்படியே ஏற்க நேரிடும். நான் அதற்கு 'ஆம்' போடச் சொல்லமாட்டேன்.

நிலுவையிலுள்ள கட்டண மனுக்களை யார் விசாரிப்பார், எந்தத் தேதியிலிருந்து மாற்றம் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இரு தரப்பும் நீதிமன்றத்தில் நிற்கும். பிரசாரத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதைத் தேர்தல் நிதி அறிக்கைகளில் பார்த்துக்கொள்ளலாம்.