தொழில் கேள்வி–பதில்: கழிவைச் சரக்காக்க அரசுப் பணம்

கேள்வி: என் கணவர் பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். உடைந்த குடம், வாளி, நாற்காலியை அப்படியே லாரியில் ஏற்றிவிடாமல், நாங்களே அரைத்துக் கழுவிக் குருணையாக்கி விற்கலாம் என்று நினைக்கிறோம். இதற்கு 25 சதவீத மானியம் உண்டு என்கிறார் ஒருவர். விண்ணப்பம் போட்டுத்தர முன்பணமும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, பவானி

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், சகோதரி. மானியம் இருப்பது உண்மை. அதை வாங்கித்தர இடைத்தரகர் வேண்டும் என்பது பொய்.

நீங்கள் கேள்விப்பட்டது மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 டிசம்பரில் தொடங்கிய ‘ஸ்பைஸ்’ திட்டமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக், ரப்பர், மின்னணுக் கழிவு ஆகிய மூன்று துறைகளில் மறுசுழற்சி செய்யும் குறு, சிறு நிறுவனங்களுக்கானது. சிறு தொழில்களுக்கான அரசு வங்கியான சிட்பி வழியாக நடக்கிறது. எந்திர முதலீட்டில் 25 சதவீதம், அதிகபட்சம் 12.5 லட்சம் ரூபாய். குறு, சிறு தொழில்களுக்கான அரசின் ‘உத்யம்’ பதிவு இருக்க வேண்டும். ஒதுக்கீட்டில் இப்போது எவ்வளவு மிச்சம் என்பதை, கடன் வாங்கப்போகும் கிளையிலேயே முதலில் கேட்டுவிடுங்கள்.

கடன் பிரிவு மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். இது கடனோடு இணைந்த மானியம். பணம் உங்கள் கையில் வராது. முதலில் வங்கி உங்கள் தொழிலை நம்பிக் கடன் கொடுக்க வேண்டும். உங்கள் பங்குத் தொகையை நீங்கள் போட வேண்டும். மானியம் பிறகுதான் வந்து கடன் சுமையைக் குறைக்கும். 20 லட்ச ரூபாய் எந்திரத்துக்கு 5 லட்சம் கிடைக்கும். மீதி 15 லட்சத்தில் உங்கள் பங்கு போக உள்ள கடனைக் குருணை விற்றுத்தான் அடைக்க வேண்டும். மானியத்தை நம்பித் தொழில் தொடங்கியவர்களின் வீட்டுப் பத்திரங்கள் வங்கிப் பெட்டகத்தில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் உண்மையான பலம் கடையில்தான் இருக்கிறது. தரம் பிரிக்கும் பெண்களைக் கவனித்திருப்பீர்கள். உடைந்த துண்டை வளைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, இது பிபி (பாலிபுரோப்பிலீன்), இது ஹெச்டி (அடர் பாலிஎத்திலீன்) என்று தனித்தனியாக வீசிவிடுவார்கள். அரைத்த பிறகு அந்த வேலையைத் தண்ணீர்த் தொட்டி செய்யும்: பிபியும் ஹெச்டியும் மிதக்கும், பிவிசி மூழ்கும். ஆனால் சுண்ணாம்புப் பொடி அதிகம் சேர்த்த மலிவு நாற்காலியும் சேர்ந்து மூழ்கிவிடும். மிதக்கும் இரண்டையும் தொட்டியால் பிரிக்கவும் முடியாது. தப்பித் தவறிப் பிவிசி துண்டுகள், உருக்கிக் குருணையாக்கும் எக்ஸ்ட்ரூடர் எந்திரத்துக்குள் போனால் சூட்டில் கருகி அமிலப் புகை கக்கும். குருணையில் கரும்புள்ளி விழும், எந்திரமும் அரிக்கும். ஆகவே அந்தப் பெண்களின் கைக்கு ஈடான எந்திரம் உங்கள் முதலீட்டில் கிடைக்காது. அவர்களுக்கான கூலியை முதல் செலவாகத் திட்ட அறிக்கையில் எழுதுங்கள்.

அடுத்து, நடைமுறை மூலதனம். பழைய சாமான் கொண்டுவருபவருக்கு அன்றைக்கே ரொக்கம் தர வேண்டும். குருணை வாங்கும் ஆலையோ மாதம் கடந்துதான் தரும். மானியம் எந்திரத்துக்கு மட்டுமே என்பதால் இந்த இடைவெளியை அது நிரப்பாது. கடனுக்குப் போகும்போதே நடைமுறை மூலதனக் கடனையும் சேர்த்துக் கேளுங்கள். உத்யமில் உற்பத்தியாளராகப் பதிவு செய்துகொண்டால், வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு.

சந்தை இருக்கிறது. 2022-ல் வந்த விதிகளின்படி, கெட்டியான பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 2025-26 முதல் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். 2028-29-ல் அது 60 சதவீதம். தங்கள் பேக்கேஜிங் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டிய நிறுவனங்கள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம், அவ்வளவு கழிவு மறுசுழற்சியானது என்பதற்கான சான்றிதழும் விலைக்கு வாங்குகின்றன. ஆனால் அது பேக்கேஜிங் கழிவுக்குத்தான். எண்ணெய் கேன், ஷாம்பு பாட்டில் கணக்கில் வரும். குடமும் நாற்காலியும் வராது. இரண்டையும் இன்றிலிருந்தே தனித்தனியாக எடைபோட்டுப் பில்லோடு வாங்குங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு கிடைக்கும் முன் எந்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டாம்.

கேள்வி: நொய்யல் ஆற்றைச் சாக்கடையாக்கியவை திருப்பூர்ச் சாய ஆலைகள். அவற்றுக்கே அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. கெடுத்தவருக்கு எதற்கு நம் வரிப்பணம்?
– கல்லூரி மாணவர், அவிநாசி

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, தம்பி. நொய்யலில் உள்ள ஒரத்துப்பாளையம் அணையில் பாசன நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது. கீழே இருந்த உழவர்களின் நிலம் உப்பேறிப்போனது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன.

அதன் பிறகுதான் மாநில அரசு, பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தடை, பிறகு பணம். வரிசை மாறியிருந்தால் அந்தப் பணம் கழிவோடு சேர்ந்து ஆற்றில் போயிருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

பணம் ஏன் தேவைப்பட்டது? பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது. அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். சவ்வூடு வடிகட்டினால் பெரும்பகுதி நல்ல நீர் கிடைத்துவிடும்; எஞ்சும் அடர்ந்த உப்புக் கரைசலைக் காய்ச்சி வற்றவைக்கும் செலவில்தான் சிறிய ஆலை முழுகிப்போகும். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், தமிழ்நாடு நீர் முதலீட்டு நிறுவனத்தின் முயற்சியில், வேறு வழி சோதிக்கப்பட்டது: அந்தக் கரைசலின் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்பு நீராகவே சாயத் தொட்டிக்குத் திருப்பி அனுப்புவது. ஆலைக்காரருக்கு உப்பு வாங்கும் செலவும் குறைகிறது, தண்ணீர் வாங்கும் செலவும் குறைகிறது. பத்துப் பேரை வைத்துச் சாயமிடுபவர் தனியாக இதைக் கட்டவே முடியாது. தனியாரால் முடியாததும், முடிந்தால் ஊருக்கே பயன்படுவதுமான இந்த மாதிரி இடத்தில் பொதுப் பணம் போவதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

நிலம் இழந்த உழவருக்கு இழப்பீடு இதற்கு முன்னால் முழுமையாகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வேலையும் முடியவில்லை, திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேர்ந்து நிற்கிறது. அடுத்த அரசு நிதி அதற்குத்தான் முதலில் வர வேண்டும்.

கேள்வி: டயர் அரைக்கும் எந்திரம் பழையது பாதி விலைக்கு வருகிறது. மானியம் கிடைக்குமா?
– வாசகர், நாமக்கல்

பதில்: பொதுவாக மானியத் திட்டங்கள் பழைய எந்திரத்தை ஏற்பதில்லை. புதியதற்கு ஜிஎஸ்டி எண்ணுடன் இரண்டு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். மானியம் கழித்த புதிய விலையையும் பழையதன் விலையையும் எதிரெதிரே எழுதி, அதோடு ஐந்து வருடப் பழுதுச் செலவையும் வட்டியையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். அப்போதும் பழையதுதான் மலிவு என்றால், மானியத்தை விட்டுவிட்டு அதையே வாங்குங்கள்.