கண்ணுக்குத் தெரிவதுதான் துணியின் உண்மையான நிறமா?

இல்லை. வெளிச்சம், சாயம், கண் மூன்றும் சேர்ந்து உண்டாக்குவதே நிறம். திருப்பூரில் டியூப்லைட்டில் ஒரே ஷேடாகத் தெரிந்த டி-ஷர்ட்டின் பாடியும் (உடல் பகுதித் துணி) காலரும் வெயிலில் வேறுவேறாகத் தெரிந்தால், அதை மெட்டாமெரிசம் என்பார்கள்.

காரணம் கண்ணில்தான். நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் 3 வகை மட்டுமே. சுமார் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியை 3 அளவுகளாகச் சுருக்கிவிடுகின்றன. கூட்டுத்தொகை மட்டும் போட்ட மளிகை பில் மாதிரி: உள்ளே என்ன சாமான் என்று தெரியாது. வேறு வேறு சாயக் கலவைகளும் ஒரே கூட்டுத்தொகை காட்டலாம். விளக்கை மாற்றினால் குட்டு உடையும். அதனால் லைட் பாக்ஸில் (நிறம் ஒப்பிடும் விளக்குப் பெட்டி) டி65 (பகல் வெளிச்சம் போன்றது), டிஎல்84 (கடை டியூப்லைட் போன்றது) இரண்டிலும் பார்த்த பிறகே ஷேடுக்கு ஓகே சொல்லுங்கள். பாடிக்கும் காலருக்கும் ஒரே சாய ரெசிபி போட முடிந்தால் ரொம்ப நல்லது.

வெயிலில் தெரிவதுதான் அசல் நிறம் என்று பலர் நம்புகிறார்கள். உச்சி வெயிலும் மாலை வெயிலுமே ஒரே ஒளி அல்ல.